பள்ளிக்கூடம் தருமக் கணக்கில் எழுதுவதன்று

(மலைநாட்டு நகரங்களின் தமிழ் வர்த்தகர் சார்பில், ஆசிரியரும் பெற்றோரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு கடைக்காரர்களாகிய எங்களை அழைத்திருக்கிறீர்கள். இது சற்றே வியப்பான அழைப்புத்தான். வழக்கமாகப் பள்ளிக்கூடத்தார் எங்களை நாடுவது பேச்சுக்காக அன்று, காசுக்காக. விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வேண்டும் என்று வருவார்கள். வாணி விழாவுக்குப் பூவும் பழமும் வேண்டும் என்று வருவார்கள். காற்றில் பறந்துபோன கூரைத் தகடு, ஓடாத நீர்க்குழாய், மை தீர்ந்த பிரதியெடுக்கும் இயந்திரம், வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் என்று ஆண்டு முழுவதும் நன்கொடைப் புத்தகம் கடைவீதியிலே வலம் வந்துகொண்டே இருக்கும். நாங்களும் எங்களால் இயன்றதைக் கொடுத்தே வந்திருக்கிறோம். இனியும் கொடுப்போம், அதில் ஐயம் வேண்டுவதில்லை. ஆயினும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தலைவராக அமர்ந்திருக்க வேண்டிய அதிபர் ஒருவர், கடை கடையாகப் படியேறிக் கல்லாவின் முன்னே கைகட்டி நிற்கும் காட்சி, கொடுக்கின்ற எங்களுக்கு ஒருபோதும் பெருமை தந்ததில்லை. எனவேதான் இன்று நாங்கள் கொடையைப் பற்றிப் பேசாமல், கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அரசாங்கம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றித்தான் பேச்சு.

எங்களுள் பலருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள். பேரேட்டிலே பிள்ளையார் சுழியிட்டதும் தருமத்துக்கென்று ஒரு கணக்கு ஒதுக்குவது அவர்தம் வழக்கம். அதிலிருந்து கோயிலுக்குப் போகும், அன்னதானத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும். நல்ல வழக்கமே. ஆனால் தருமக் கணக்கின் இயல்பு யாது? வியாபாரம் செழிக்கும் ஆண்டில் அது நிறையும். நொடிக்கும் ஆண்டில் அது வற்றும். 2022 ஏப்ரலில் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. அந்த ஆண்டை யார்தான் மறந்தீர்கள்? எரிபொருளின்றி லொறிகள் நின்றன. பள்ளிகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. அப்பியாசக் கொப்பியின் விலை இரட்டிப்புக்கு மேல் ஏறியது. பிள்ளைகளுக்கு உதவி மிக வேண்டியிருந்த அந்த ஆண்டிலேதான் எங்கள் தருமக் கணக்கில் எழுத ஒன்றுமில்லாமற் போயிற்று. வெயிற்காலத்தில் நிழலும் மழைக்காலத்தில் குடையும் தராத மரத்தை நம்பி ஒருவன் வீடு கட்டாமல் இருப்பானா? கொடையை நம்பி ஒரு சமுதாயம் பள்ளிக்கூடம் நடத்துவதும் அத்தன்மையதே.

தோட்டக் கணக்கில் இருந்த பள்ளி

இதனை ஒரு கற்பனைக் கேள்வியாக எண்ணிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தை முதலாளியின் கணக்கிலே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மலைகள் ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் அனுபவித்து அறிந்திருக்கின்றன.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்தி, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையும் தகுதியான ஆசிரியரும் அமர்த்துவது தோட்டத்தின் கடமை என்றது. சர்க்கார் ஒரு சிறு உதவித்தொகை கொடுக்கும். மற்றவை தோட்டத்தின் பொறுப்பு. அதாவது உரம், கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை ஆகியவை எழுதப்பட்ட அதே செலவுக் கணக்கில் பிள்ளையின் படிப்பும் ஒரு வரியாக எழுதப்பட்டது.

செலவுக் கணக்கில் உள்ள ஒன்றை வியாபாரி என்ன செய்வான்? குறைப்பான். இதனை வியாபாரிகளாகிய நாங்களே சொல்கிறோம். அவன் கொடியவன் என்பதனால் அன்று. குறைப்பது அவன் தொழில். ஆகவே பள்ளிக்கூடம் என்பது நான்கு தூண்மேல் ஒரு கூரையாக நின்றது. சில இடங்களிலே பிரட்டுக்களத்துக் கொட்டிலே பள்ளி. சில இடங்களிலே பிள்ளைக் காம்பிராவின் ஒரு மூலை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவரும் பல தோட்டங்களில் பாதிநாள் பள்ளியிலும் பாதிநாள் தோட்டத்துக் கணக்குவேலையிலும் இருந்தார். பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று சட்டமும் கேட்கவில்லை; துரையும் கேட்கவில்லை. பத்து வயதுக்கு மேல் மலைக்குப் போகலாம் அல்லவா?

அந்த அறையிலிருந்தும் மனிதர்கள் எழுந்தார்கள் என்பது அந்த ஆசிரியர்களின் பெருமை. வட்டகொடைப் பகுதியின் மடகும்புரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகி, கவிஞராகி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றதை நாடறியும். ஆயின் ஒருவர் எழுந்ததைக் காட்டி ஆயிரவர் அமிழ்ந்ததை மறைப்பது கணக்காகாது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல விரும்புகிறோம். அதே தோட்டத் துரைமாருக்கு 1920களிலே வேறொரு கவலை இருந்தது. தேயிலைச் செடிக்கு நோய் வருகிறது, மண் கரைகிறது, விளைச்சலைப் பெருக்க வழி தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? நன்கொடைப் புத்தகம் அச்சிட்டுத் தோட்டந் தோட்டமாக அனுப்பினார்களா? இல்லை. 1925ஆம் ஆண்டிலே சட்டமியற்றி, ஏற்றுமதியாகும் தேயிலையின் மேல் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே அது நிலைகொண்டது. இன்றும் அங்கே நிற்கிறது. ஆய்வுக்கூடம் உண்டு, படித்த அறிஞர்கள் உண்டு, நூலகம் உண்டு. நல்லது, அந்த நிலையத்தால் இத்தொழில் பயன் பெற்றது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. ஒரு காரியம் தமக்கு உண்மையிலேயே வேண்டும் என்று வியாபாரிகள் கருதியபோது, அதைத் தனித்தனி மனிதரின் தயவுக்கு விடாமல், சட்டத்தின் பிடியிலும் பொதுப்பணத்தின் பொறுப்பிலும் வைத்தார்கள். செடியின் வேருக்குத் தீர்வைப் பணம். செடியைப் பேணியவளின் பிள்ளைக்குத் துரையின் தயவு! இரண்டும் ஒரே மலையில், ஒரே காலத்தில் நடந்தன.

இலவசக் கல்வி எங்கே நின்றது?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இந்நாட்டிலே பாலர் வகுப்புத் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆசிய நாடுகள் வியந்து நோக்கிய செயல் அது. கம்பளையிலும் கண்டியிலும் உழவன் வீட்டுப் பிள்ளை உயர்கல்விக்குப் படியேறத் தொடங்கியது அன்றைக்கே. ஆனால் அந்த இலவசக் கல்வி ஹட்டன் புகையிரத நிலையம் வரை வந்ததே அன்றி, அங்கிருந்து தோட்டத்துக்குச் செல்லும் பாதையில் ஏறவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்பதற்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் 1947இல் வந்தது. ஏற்ற பள்ளிகளோ மிகச் சில.

ஏன்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இதற்கு விடை கூறும். வாக்குப் பறிபோன மக்களுக்காகப் பாராளுமன்றத்திலே எவர் பணம் கேட்பார்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் தன் கையில் எடுத்தது. நாடெங்கும் பெருங்கொந்தளிப்போடு நடந்த அந்தக் காரியத்திலும் தோட்டப் பள்ளிகள் தொடப்படவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையான பின்னரே, 1977 தொடக்கம் பள்ளிகள் படிப்படியாக ஏற்கப்பட்டன. 1945க்கும் 1977க்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு பெண் பிறந்து, மணந்து, தன் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பும் வயதை எட்டிவிடும் காலம் அது. நாடு முழுவதும் படித்துக்கொண்டிருந்த ஒரு முழுத் தலைமுறைக் காலம் இந்த மலைகள் வாசலில் நின்றன.

அதன் பின் நடந்தவை நன்மையானவை என்பதை மறுப்போர் அல்லோம். சுவீடன் நாட்டின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியால் பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் பலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். இந்தியா கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் தந்திருக்கிறது. எல்லோர்க்கும் நன்றி. ஆயினும் கவனியுங்கள்: தோட்டத் துரையின் தயவு போய், அயல்நாட்டாரின் தயவு வந்தது. அயல்நாட்டுத் திட்டத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. கட்டடம் திறந்து, நாடா வெட்டி, கல்வெட்டுப் பதித்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த பருவமழையில் அந்தக் கட்டடத்துக் கூரை ஒழுகினால் அதிபர் மீண்டும் நன்கொடைப் புத்தகத்தோடு எங்கள் கடைவாசலுக்கே வருகிறார்.

பிடியரிசியிலிருந்து பொதுப்பணத்துக்கு

வணிகர்களுக்குக் கல்வியில் அக்கறை புதிதன்று. இம்மலைநாட்டின் உரிமைப் போராட்டத்தைத் தொடக்கி வைத்தவரே வணிகர் வழியாக வந்தவர். தஞ்சாவூரிலே ‘வர்த்தகமித்திரன்’ என்னும் ஏட்டை நடத்திய கோ. நடேசய்யர், கொழும்பு வர்த்தகர் சங்க விழாவுக்கென்று இந்நாட்டுக்கு வந்தார். அந்நியர் உள்ளே கால் வைக்கக் கூடாதென்று தோட்டங்களுக்கு வேலியிட்டிருந்த காலம் அது. புடவை வியாபாரியாக வேடம் பூண்டு மூட்டையோடு லயத்துக்குள் நுழைந்து மக்களின் நிலையைக் கண்டார். பின்னர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்டதும், 1936இல் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்றதும் வரலாறு. புடவை மூட்டைக்கு இத்தனை மதிப்பு வேறெங்கும் கிடைத்ததாக நாங்கள் அறியோம்!

தமிழகத்திலே விருதுநகர் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின் மேல் ‘மகமை’ என்று தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு பொதுக் காரியங்கள் நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி அவ்வூரிலே நடந்த பள்ளிக்கூடம் சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பிடியரிசிப் பள்ளியிலே படித்த ஒரு சிறுவன், குடும்பச் சுமையால் பாதியிலே படிப்பை விட்டுக் கடையில் வேலைக்கு நின்றான். பிற்காலத்தில் அவர்தாம் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராசர். அவர் என்ன செய்தார் என்பதே எங்கள் வாதத்துக்கு உயிர்நிலை. “நான் பிடியரிசியில் படித்தவன், ஆகவே ஊருக்கு ஊர் பிடியரிசி திரட்டிக்கொள்ளுங்கள்” என்றா இருந்துவிட்டார்? ஊர்தோறும் பள்ளி திறப்பதும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கத்தின் வேலை என்று பொதுப்பணத்தை அதற்குத் திருப்பினார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே பொதுமக்களும் வணிகர்களும் கரும்பலகையும் நாற்காலியும் கட்டடமும் அள்ளி வழங்கினர். அடிப்படைப் பொறுப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதன் மேல் ஊரார் தங்கள் அன்பை வைத்தார்கள். அந்த வரிசை மாறக் கூடாது. இங்கேயோ ஊரார் அடித்தளம் போடவும், அரசாங்கம் மேலே கொடியேற்றவும் என்று வரிசை மாறிக் கிடக்கிறது.

வரி கொடுப்பவர் யார்?

“தோட்டத் தொழிலாளர்கள் வரி கொடுப்பதில்லை, அவர்களுக்கு இவ்வளவு செய்வதே பெரிது” என்று கொழும்பிலே சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சுக்கு மறுமொழி சொல்லும் தகுதி கடைக்காரனைப் போல் வேறெவர்க்கும் இல்லை. ஏனெனில் அந்த வரி எங்கள் மேசையின் மேல்தான் வந்து விழுகிறது.

பெறுமதி சேர் வரி 2022 நடுப்பகுதிக்கு முன் 8 விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டிலேயே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 விழுக்காடாயிற்று. சம்பள நாளன்று மாலையிலே ஒரு தாய் கடைக்கு வருகிறாள். சவர்க்காரம், பற்பசை, பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து என்று வாங்குகிறாள். அந்தப் பொருள்கள் துறைமுகத்தைத் தாண்டும்போதும், மொத்த வியாபாரியின் கையைத் தாண்டும்போதும் ஏறிய வரி அனைத்தும் அவள் முந்தானை முடிச்சிலிருந்துதான் வெளிவருகிறது. வருமான வரிப் பத்திரம் நிரப்பாதவள் வரி கொடாதவள் அல்லள். வருமானத்தில் பெரும்பகுதியைச் சாமான் வாங்கியே தீர்ப்பவர்கள், கொடுக்கும் வரியின் விகிதத்தில் செல்வர்க்கு மேற்பட்டவர்கள் என்பது கணக்குத் தெரிந்தவர்க்கெல்லாம் தெரியும். அதனோடு, 2024ஆம் ஆண்டிலே இந்நாட்டின் தேயிலை ஏற்றுமதி வருமானம் 140 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டிற்று. அந்த டொலரின் முதற்கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் எவருடையவை?

மரக்கறி விவசாயிகளே! உங்கள் செய்தியும் வேறன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஓரிரவில் தடுக்கப்பட்டபோது உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் பட்ட பாட்டை நீங்களும், விற்பதற்குச் சரக்கின்றி நாங்களும் கண்டோம். நிலத்தின் நலத்தைச் சோதித்துச் சொல்லவும், அதிகாரிக்கு எதிரே புள்ளிவிவரத்தோடு நின்று வாதாடவும் உங்கள் பிள்ளைகளிலே எத்தனை விவசாயப் பட்டதாரிகள் இருந்தார்கள்? கந்தப்பளையிலே விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை எத்தனை மைல் போக வேண்டியிருக்கிறது என்று நீங்களே அறிவீர்கள்.

எங்களை நோக்கியும் சிலர் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பதுண்டு. “தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டால் உங்கள் கடைகளில் நிற்க ஆள் ஏது?” என்பார்கள். கொழும்பின் கடைத்தெருக்களிலே மலைநாட்டுச் சிறுவர் பலர் இடையில் படிப்பை விட்டு வேலைக்கு நிற்பது கண்கூடு. அதனை வைத்துக் கேட்கிறார்கள். எங்கள் மறுமொழி இது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதை நம்பி நடக்கும் வியாபாரம், வாங்குவதற்கு ஆளில்லாமல் ஒருநாள் படுத்துவிடும். ஒரு வீட்டிலே ஒரு பெண் ஆசிரியை ஆகிவிட்டால், அந்த வீட்டார் கடைக்கு வந்து வாங்கும் முறையே மாறிவிடுகிறது; கடன்பற்று ஏடு மெலிகிறது; கைக்காசு வியாபாரம் வளர்கிறது. படித்த வாடிக்கையாளன் விலையை இருமுறை பார்ப்பான் என்பது மெய்தான். பார்க்கட்டுமே!

தலைக்கணக்கு என்னும் குறை

இப்போது வழங்கப்படும் பணத்துக்கு வருவோம். ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் சீருடையும் அரசாங்கத்தால் வருகின்றன. இலவசப் பாடநூல் 1980 முதலும் சீருடை 1993 முதலும் வருகின்றன. வறிய மாணவர்களின் எழுதுபொருளுக்காக 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே 6,000 ரூபா கொடுக்கப்பட்டதையும் அறிவோம்; அந்தப் பணம் எங்கள் கடைகளிலே கொப்பியாக மாறியதைக் கண்ணாரக் கண்டோம். இவற்றையெல்லாம் குறைத்துச் சொல்லும் எண்ணம் எங்களுக்கில்லை.

குறை எங்கே என்றால், வகுப்பறைக்கும் கற்பிக்கும் சாதனத்துக்கும் கொடுக்கும் தொகை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளின் தொகையை வைத்து அளக்கப்படுவது. மேலோட்டமாகப் பார்த்தால் சமநீதி. ஆயிரத்தைந்நூறு பிள்ளைகள் உள்ள நகரப் பள்ளிக்கும் தொண்ணூறு பிள்ளைகள் உள்ள தோட்டப் பள்ளிக்கும் ஒரே விகிதம். ஆனால் ஒரு கடைக்காரனைக் கேளுங்கள். பெரிய கடைக்கும் ஒரு தராசு வேண்டும். சிறிய கடைக்கும் ஒரு தராசு வேண்டும். வியாபாரம் பத்தில் ஒன்றாக இருப்பதால் தராசின் விலை பத்தில் ஒன்றாகிவிடாது. தோட்டப் பள்ளிக்குத் தலைக்கணக்கில் வரும் தொகையிலே ஒரு கணினியும் வாங்க முடியாது. வாங்கியதைப் பழுதுபார்க்கவும் முடியாது. முப்பத்திரண்டு ஆண்டு முன்னே புறப்பட்டவனையும் பின்னே புறப்பட்டவனையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே வேகத்தில் அனுப்பினால் இடைவெளி எப்படிக் குறையும்?

மாகாணப் பாடசாலை, தேசியப் பாடசாலை என்னும் பிரிவு இன்னொரு தடை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பள்ளிகள் மாகாணத்தின் கையில். நேரே மத்திய அமைச்சின் பணம் பெறும் தேசியப் பாடசாலைகளிலே மலையகத் தமிழ்ப் பள்ளிகள் மிகச் சிலவே. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தபின் நிருவாகம் ஆளுநரின் கைக்குப் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கு ஏன் பணம் வரவில்லை என்று சபையிலே எழுந்து கேட்க ஓர் உறுப்பினரும் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன.

ஆசிரியர் விடயத்திலே சிக்கனம் எவ்வளவு கொடுமையாகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டி, தோட்டப் பள்ளிகளின் பற்றாக்குறையைப் போக்கவென ‘ஆசிரியர் உதவியாளர்’ என்னும் பெயரில் இளைஞர், யுவதியர் ஆயிரக்கணக்கில் நியமிக்கப்பட்டனர். மாதச் சம்பளம் 6,000 ரூபா; பின்னர் 10,000 ரூபா. முழு ஆசிரியரின் வேலை. கால் ஆசிரியரின் கூலி. எங்கள் கடைகளிலே சாமான் கட்டும் பையனுக்கு அன்று அதனிலும் கூடுதலாகக் கொடுத்தோம். அந்தச் சம்பளத்திலே டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு இந்தக் கூட்டம் எழுந்து நின்று மரியாதை செய்தாலும் தகும்.

“பணம் இல்லையே” என்பது அரசாங்கத்தின் வழக்கமான விடை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பின்னும் ஒதுக்கீடு நெடுங்காலம் 2 விழுக்காட்டை ஒட்டியே கிடந்தது. முதல் இல்லையென்று வியாபாரி விதைநெல்லை விற்றுச் சாப்பிடுவதில்லை. சிறு பள்ளிகளை மூடி ஒன்றாக இணைத்துவிட்டால் செலவு மிச்சம் என்ற யோசனையும் காலந்தோறும் எழுகிறது. வரைபடத்திலே இரண்டு மைல் என்பது இங்கே ஓர் ஆற்றைக் கடந்து, குளவிக்கூட்டைத் தாண்டி, வழுக்கும் மலைப்பாதையில் ஆறு வயதுப் பிள்ளை நடக்கும் இரண்டு மைல். பேருந்தும் தராமல் பள்ளியை மட்டும் மூடினால், அரசாங்கத்தின் செலவு மிச்சமாகாது. அது தாயின் தலையில் மாறி விழுகிறது.

வசதியுள்ளவர்கள் சர்வதேசப் பள்ளிக்கும் தனியார் வகுப்புக்கும் போய்க்கொள்ளட்டுமே என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்வதுண்டு. போகிறவர் போகட்டும். ஆனால் நகரத்திலே குரல் உள்ளவர்களின் பிள்ளைகள் பொதுப்பள்ளியை விட்டு விலகிய நாளிலிருந்து, அப்பள்ளிக்காகப் பேசும் குரலும் விலகிவிடுகிறது. வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! உங்களுள் பெரும்பாலோர் இந்த மாவட்டத்துப் பொதுப்பள்ளிகளிலிருந்து புறப்பட்டவர்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி முதலாக நுவரெலியாவின் பள்ளிகள் வரை உங்கள் பெயர் அங்குள்ள பலகைகளில் இருக்கிறது. பலகையிலே பெயர் இருப்பவர்கள் மனுவிலும் கையொப்பமிட வேண்டும்.

செய்யப் போவது என்ன?

நாங்கள் கேட்பது மூன்று காரியங்கள். பள்ளிக்கு ஒதுக்கும் பணம் தலைக்கணக்கோடு நில்லாமல், அந்தப் பள்ளிக்கு இல்லாதது எது என்ற கணக்கிலும் அளக்கப்பட வேண்டும்: விஞ்ஞான கூடமா, குடிநீரா, கழிப்பறையா என்று எழுதி, அது நிறையும்வரை ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு. இரண்டாவது, கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வருபவர் தங்க விடுதி. விடுதியில்லாத மலைக்கு ஆசிரியரை அனுப்புவது அவரை இடமாற்றம் கேட்க அனுப்புவதே ஆகும். மூன்றாவது, தோட்டத்துப் பெற்றோரிடமிருந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயராலும் வசதிக் கட்டணத்தின் பெயராலும் திரட்டும் காசு நிறுத்தப்பட்டு, அந்தத் தொகை மாகாணக் கணக்கிலிருந்து பள்ளிக்கு வர வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குக் கையிலே கணக்கு வேண்டும். அதிகாரிகள் கண்ணீருக்கு இரங்குவதிலும் கணக்குக்கு அஞ்சுவது அதிகம் என்பது எங்கள் தொழில் அனுபவம். ஆகையால் ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நுவரெலியா, இராகலை ஆகிய நகரங்களின் கடைக்காரர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவு செய்திருக்கிறோம். பள்ளிக்கு ஒன்றாக ஒரு பேரேடு நாங்கள் வாங்கித் தருகிறோம். ஓர் ஆண்டுக் காலம், பெற்றோர் கொடுத்த ஒவ்வொரு சதமும், கடைகளில் திரட்டிய ஒவ்வொரு நன்கொடையும், அரசாங்கத்தால் வந்த ஒவ்வொரு ரூபாவும் மூன்று பத்தியாக அதில் எழுதப்பட வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுவும் ஒரு சுமையாக வேண்டாம். எங்கள் கணக்கர்கள் மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கு வந்து எழுதித் தருவார்கள். ஆண்டு முடிவிலே எல்லாப் பள்ளிகளின் ஏட்டையும் கூட்டி, நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், மாகாணக் கல்வி அமைச்சுக்கும், வரவு செலவுத் திட்டம் வருமுன் நேரிலே கொண்டுபோய்க் கொடுப்போம். கூட்டுத்தொகையை இந்த ஏட்டிலும் அச்சிடுவோம்.

நன்கொடை நிற்குமோ என்று அதிபர் சிலரின் முகம் வாடுவதைக் காண்கிறோம். நிற்காது. இந்த ஆண்டும் கோப்பை உண்டு, கூரைத் தகடும் உண்டு. கொடுத்த தகட்டுக்கு மட்டும் பேரேட்டின் இரண்டாம் பத்தியிலே, ‘அரசாங்கம் தர வேண்டியது; வணிகர் தந்தது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரேடுகள் வந்திறங்கிவிட்டன. பிரதான வீதியின் புத்தகக் கடைகளில் அடுத்த திங்கட்கிழமை முதல் கிடைக்கும். பள்ளியின் முத்திரையோடு ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவந்தால் போதும், காசு வேண்டாம்.